விளாவும் கணக்கு: ஊட்டிக் குளிரில் ஒரு வாளி வெந்நீர்

கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரைச் சேர்த்துப் பதமாக்குவதற்குத் தமிழில் தனியாகவே ஒரு சொல் இருக்கிறது: விளாவுதல். இதற்கு யாரும் தாளும் பேனாவும் எடுப்பதில்லை. கையை விட்டுப் பார்ப்பது, இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவது, மறுபடி கையை விடுவது, அவ்வளவுதான். சமவெளியில் பழகிய கை மலை ஏறியதும் தடுமாறுவது இங்கேதான். மேட்டுப்பாளையத்தில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும் நாளில் ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 40 டிகிரி வரும், இதமான குளியல். அதே ஒன்றுக்கு ஐந்தை ஜனவரி விடியலில் ஊட்டியில் விளாவினால் கிடைப்பது 24 டிகிரிகூட இல்லை. மேலே ஊற்றிய மறுநொடி பல் கிட்டும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரே ஒரு விதி போதும். சூடான நீர் இழந்த வெப்பம், குளிர்ந்த நீர் பெற்ற வெப்பத்துக்குச் சமம். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 1 கிலோ கலோரி வேண்டும். ஜூல் கணக்கில் 4.186 கிலோ ஜூல். இரண்டு பக்கமும் தண்ணீரே என்பதால் இந்த எண் இருபுறமும் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது எடையும் வெப்பநிலை வித்தியாசமும் மட்டுமே.

அதைக் குறுக்குக் கணக்காகவே போடலாம். ஊட்டியில் வெந்நீர் 92 (ஏன் 100 இல்லை என்பது பின்னால் வரும்), பச்சைத் தண்ணீர் 10, நமக்கு வேண்டியது 40 என்று வைத்துக்கொள்வோம். வெந்நீர் ஒவ்வொரு கிலோவும் 92-லிருந்து 40-க்கு இறங்கும்போது 52 கிலோ கலோரியைக் கொடுக்கிறது. பச்சைத் தண்ணீர் ஒவ்வொரு கிலோவும் 10-லிருந்து 40-க்கு ஏற 30 கேட்கிறது. ஆகவே 30 பங்கு வெந்நீருக்கு 52 பங்கு பச்சைத் தண்ணீர். மொத்தம் 82 பங்கில் 30 என்றால் 36.6 சதவீதம். 16 கிலோ தண்ணீர் கொண்ட ஒரு வாளிக்கு வெந்நீர் 5.85 கிலோ, பச்சைத் தண்ணீர் 10.15 கிலோ. மேட்டுப்பாளையத்துக் கணக்கில் வெந்நீர் 99, பச்சைத் தண்ணீர் 28. அங்கே 71-இல் 12 பங்கு, அதாவது 2.7 கிலோ போதும். அதே வாளி, அதே குளியல், வெந்நீர் மட்டும் இரட்டிப்புக்கும் மேல்.

இந்தக் கலவை விதியை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதி வைத்தவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இயற்பியலாளர் ரிச்மன். மின்னல் பற்றிய சோதனையின்போது 1753-இல் மின்னல் தாக்கியே இறந்துபோனவர். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு தம்ளர் கொதிநீர் ஒரு வாளியைச் சுடவைத்துவிடும் என்று நம்பத் தோன்றும். தம்ளரில் வெப்பநிலை உண்டு, வெப்பம் கொஞ்சம்தான்.

ஊட்டியில் கொதிநீர் 100 டிகிரி இல்லை

பள்ளிப் புத்தகம் கற்றுத்தந்த 100 கடல் மட்டத்துக்கானது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் கொதிநிலை 94-ஐ ஒட்டி. 2,100 மீட்டர் தாண்டிய கொடைக்கானலில் 93. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 92.5. தொட்டபெட்டா உச்சியில் 2,637 மீட்டரில் அடுப்பு மூட்டினால் 91 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். எவ்வளவு விறகு திணித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது. கூடுதல் தீ எல்லாம் ஆவியாகத்தான் போகும். மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நெடுநேரம் ஆவதற்கும் காரணம் இதுவே.

விளாவும் கணக்கில் 100 என்று போட்டால் என்ன ஆகும்? 90 பங்கில் 30, அதாவது மூன்றில் ஒன்று வெந்நீர் போதும் என்று விடை வரும். 16 கிலோவுக்கு 5.33 கிலோ. உண்மையில் அது 92-இல் இருப்பதால் கலவை 37.3 டிகிரியில் நின்றுவிடும். காகிதத்தில் மூன்று டிகிரிக்கும் குறைவான பிழை. உடம்புக்கு அது வெதுவெதுப்புக்கும் "சூடு பத்தலை"க்கும் உள்ள இடைவெளி.

இதில் இன்னொரு வேடிக்கை. புதிதாக வாங்கிய தெர்மாமீட்டரை ஊட்டியில் கொதிநீரில் விட்டால் 92 அல்லது 93 காட்டும். கருவி பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்கத் தோன்றும். அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. 100 காட்டினால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். உயரத்தை அளக்கும் கருவிகள் எளிதாகக் கிடைக்காத காலத்தில் நில அளவைக்காரர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கொதிநிலையைக் கொண்டு மலையின் உயரத்தைக் கணித்தார்கள். தெர்மாமீட்டரே இல்லாத வீட்டிலும் இது உதவும்: பொங்கிக் கொதிக்கிற நீரின் வெப்பநிலை ஊருக்கு ஊர் தெரிந்த எண். பச்சைத் தண்ணீரைத்தான் அளந்து பார்க்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அது 35-க்கும் 42-க்கும் இடையில் மட்டுமே பேசும்.

எடைக்கும் அளவுக்கும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. கணக்கு கிலோவில், ஊற்றுவது லிட்டரில். 92 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 964 கிராம்தான். 5.85 கிலோ வேண்டுமானால் 6 லிட்டரைக் கொஞ்சம் தாண்டி ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் மக் என்றால் தளும்பத் தளும்ப ஆறு. பச்சைத் தண்ணீருக்கு இந்தத் தொல்லை இல்லை. லிட்டரும் கிலோவும் அங்கே ஒன்றே.

பாத்திரம் தின்னும் பங்கு

வாளியும் குளிர்ந்துதான் கிடக்கிறது. அதுவும் வெப்பத்தில் பங்கு கேட்கும். அதைக் கணக்கில் சேர்க்க எளிய வழி, பாத்திரத்தை அதற்குச் சமமான தண்ணீராக மாற்றிக்கொள்வது. தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறனை, அதாவது ஒரு கிலோ ஒரு டிகிரி ஏறக் கேட்கும் வெப்பத்தை, 1 என்று கொண்டால் செம்பு, பித்தளை இரண்டும் 0.09, எவர்சில்வர் 0.12, அலுமினியம் 0.21, கண்ணாடியும் பீங்கானும் 0.2 அளவில், பிளாஸ்டிக் 0.45. பாத்திரத்தின் எடையை இந்த எண்ணால் பெருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ எவர்சில்வர் வாளி 180 கிராம் தண்ணீருக்குச் சமம். 800 கிராம் பிளாஸ்டிக் வாளி 360 கிராமுக்குச் சமம். எடை குறைந்த பிளாஸ்டிக் இரு மடங்கு தின்கிறது என்பது பலருக்கும் நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் அது வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். சுவர் முழுவதும் சூடேறுவதற்குள் குளியல் பாதி முடிந்திருக்கும். வாளி அளவில் இந்த இழப்பு மூன்றில் ஒரு டிகிரி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு டிகிரி. விட்டுவிடலாம். பழைய பங்களா வீடுகளின் சிமெண்ட் தொட்டி அப்படியல்ல. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அதன் உட்சுவர் சூடாகும் வரை ஊற்றிய வெந்நீர் எங்கே போனது என்றே தெரியாது.

விட்டுவிடவே கூடாத இடம் சின்னப் பாத்திரம். ஊட்டியில் 12 டிகிரியில் அலமாரியில் இருந்த 300 கிராம் பீங்கான் கோப்பையை எடுத்து 150 மில்லி டீயை 85 டிகிரியில் ஊற்றினால், கோப்பை 60 கிராம் குளிர்ந்த நீரைப் போல நடந்துகொள்ளும். முழுக் கோப்பையும் டீயின் சூட்டுக்கு வந்ததும் மிஞ்சுவது 64 டிகிரி. ஒரே ஊற்றலில் 21 டிகிரி காணாமல் போகிறது. 150 கிராம் கண்ணாடி கிளாஸில் 100 மில்லி டீ என்றால் 68-க்கு இறங்கும். மலையூர் டீக்கடையில் கிளாஸைக் கொதிநீரில் அலசி, அந்தச் சூடு ஆறுவதற்குள் டீயை ஆற்றி ஊற்றுகிறார்களே, அது சுத்தத்துக்கு மட்டும் இல்லை.

எங்கே தப்புகிறது

தண்ணீருக்கும் பாத்திரத்துக்கும் கணக்குப் போட்ட பிறகும் வாளி குளிர்ந்துபோனால் குற்றவாளி பெரும்பாலும் ஆவி. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய 6 கிலோ கொதிநீரை அகன்ற அண்டாவில் திறந்து வைத்து, அதிலிருந்து ஒரு சின்னத் தம்ளர் அளவு, 100 கிராம், ஆவியாகப் போனால் 54 கிலோ கலோரி போய்விட்டது. மிச்சத் தண்ணீர் 9 டிகிரி இறங்கியிருக்கும். ஜன்னல் வழியே காற்று வந்தால் இன்னும் வேகம். ஒரு தட்டைப் போட்டு மூடினால் இதில் பெரும்பகுதி மிச்சம்.

முதலில் எதை ஊற்றுவது என்ற பழைய விவாதமும் இங்கேதான் தீர்கிறது. இழப்பே இல்லாவிட்டால் எதை முன்னால் ஊற்றினாலும் முடிவு ஒன்றுதான். சமன்பாட்டுக்கு முன் பின் கிடையாது. நடைமுறையில் வெந்நீரை முதலில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் பிடிக்கப் போனால், அந்த இரண்டு மூன்று நிமிடமும் வெந்நீர் தன் உச்சச் சூட்டில் ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து வைத்து வெந்நீரை மேலே ஊற்றினால் ஊற்றிய கணமே சூடு 40-க்கு வந்துவிடும். 40 டிகிரி நீரின் ஆவி இழப்பு அற்பம். அதைவிட முக்கியம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் வாளியில் கொதிநீர் மட்டும் தனியாக ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலையே சுமார் ஐந்து விநாடியில் புண்ணாக்கும். குழந்தைக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். குழந்தைக் குளியலுக்கு 37, 38 போதும்.

மேலே ஊற்றினால் ஒரு சிக்கல் மட்டும் உண்டு: வெந்நீர் இலேசானது, மிதக்கும். கலக்காமல் கையை விட்டால் மேல்மட்டம் சுடுகிறது. அதை நம்பி இன்னும் இரண்டு மக் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாதிக் குளியலில் அடித்தண்ணீர் வந்து நடுக்கும். மக்கை அடிவரை விட்டுப் பத்து முறை கலக்கிய பிறகே கை வைக்க வேண்டும். ஹீட்டர் ராடு போட்ட வாளியிலும் இதே கதை. ராடுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் சூடேறவே ஏறாது. அதைக் கலக்க வேண்டுமானால் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, ராடை வெளியே எடுத்த பிறகுதான். ராடு உள்ளே ஓடும்போது விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் உயிரை வாங்கும்.

ஆள் இல்லாமல் வெளியில் விட்ட வாளியில் உறைபனி நாளில் மேலே பனிக்கட்டி ஏடு படிந்திருந்தால் அதற்கும் தனிக் கணக்கு. ஒரு கிலோ பனிக்கட்டி உருக மட்டுமே 80 கிலோ கலோரி. அதன் பிறகுதான் அது சூடேறத் தொடங்கும். அரைக் கிலோ ஏடு 40 கிலோ கலோரியை விழுங்கி, 16 கிலோ வாளியை இரண்டரை டிகிரி கீழே தள்ளும். ஏட்டைத் தூக்கி எறிந்துவிட்டு விளாவுவதே புத்திசாலித்தனம்.

கீசர் வாங்கும் முன்

16 லிட்டரை 10-லிருந்து 40-க்கு ஏற்ற 480 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. ஆக ஒரு வாளிக்கு 0.56 யூனிட். 1,500 வாட் ராடு 22 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 28 டிகிரித் தண்ணீர் வரும் ஊரில் 9 நிமிடம். கேஸ் அடுப்பு எரிவாயுவின் சூட்டில் 60 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது என்று கொண்டால் ஒரு வாளிக்கு 73 கிராம். 14.2 கிலோ சிலிண்டரைக் குளியலுக்கு மட்டுமே செலவழித்தால் 190 வாளிகளைச் சற்றுத் தாண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒன்றரை மாதம்.

6 லிட்டரைக் கொதிக்கவைத்து விளாவினாலும், 16 லிட்டரையும் நேராக 40-க்குக் காய்ச்சினாலும் தண்ணீருக்குள் போகும் வெப்பம் அதே 480 கிலோ கலோரிதான். விளாவுவதால் சிக்கனம் என்று நினைப்பது பிழை. சொல்லப்போனால் கொதிக்கவைப்பதில்தான் விரயம் கூடுதல். சூடு ஏற ஏற ஆவியும், பாத்திரச் சுவர் வழிக் கசிவும் ஏறும். அடுப்பில் 16 லிட்டர் பாத்திரம் நிற்காது, அதைத் தூக்கவும் முடியாது என்பதால்தான் விளாவுகிறோம்.

கீசர் விஷயத்தில் மலையூர்க்காரர்கள் அடிக்கடி ஏமாறுவது உடனடிச் சூட்டு வகையில். 3 லிட்டர் கொள்ளளவு, 3,000 வாட் என்று அட்டையில் போட்டிருக்கும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் அது தண்ணீரை 14 டிகிரிதான் ஏற்ற முடியும். 28-ஐ 42 ஆக்கும், கோயம்புத்தூரில் அமோகம். 10-ஐ 24 ஆக்கும். ஊட்டியில் அதற்குப் பெயர் பச்சைத் தண்ணீர். 40 வேண்டுமானால் ஓட்டத்தை நிமிடத்துக்கு 1.4 லிட்டருக்குக் குறைக்க வேண்டும். குழாயில் நூல் மாதிரி வரும். ஒரு வாளி நிரம்பப் பதினொரு நிமிடம். மலைக்குத் தொட்டி வகை கீசரே சரி. அதிலும் அளவு பார்க்க வேண்டும். 60 டிகிரியில் நிற்கும் 15 லிட்டரை 28 டிகிரித் தண்ணீரோடு விளாவினால் 40 லிட்டர் குளியல் நீர் தேறும். 10 டிகிரித் தண்ணீரோடு 25 லிட்டர் மட்டுமே. அதுவும் ஏட்டுக் கணக்கு. வெந்நீர் வெளியேறும்போது கீழிருந்து பச்சைத் தண்ணீர் புகுந்து கொஞ்சம் கலந்துவிடுவதால் கைக்கு வருவது இன்னும் குறையும். சமவெளியில் 15 லிட்டர் போதும் குடும்பத்துக்கு இங்கே 25 லிட்டர் வாங்குவது ஆடம்பரம் ஆகாது. 15 லிட்டர் மறுபடி 60-க்குச் சூடேறவே 2,000 வாட்டில் 26 நிமிடம் காத்திருக்கவும் வேண்டும்.

முட்டைக்கோஸ் விதைக்கு 50 டிகிரி

குளியலில் இரண்டு டிகிரி தவறினால் முணுமுணுப்போடு போய்விடும். விதை நேர்த்தியில் அப்படி விட முடியாது. முட்டைக்கோஸில் கருப்பழுகல் விதை வழியே பரவும் நோய். விதையை 50 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைப்பது நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படும் முறை. 48-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். 52, 53-ஐத் தாண்டினால் விதையின் முளைப்புத் திறன் சரியும். இந்தச் சின்ன இடைவெளியில் அரை மணி நேரம் நிறுத்திவைக்க விளாவும் கணக்கே போதும்.

குறைந்தது 10 லிட்டர் எடுத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் அதிகமாக இருந்தால் மெதுவாகத்தான் ஆறும். சொம்பில் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டிவரும். கொதிநீர் 92, பச்சைத் தண்ணீர் 15 என்றால் 50-க்கு 35 பங்கு வெந்நீர், 42 பங்கு பச்சைத் தண்ணீர். 10 கிலோவில் 4.55-உம் 5.45-உம். துணியில் கட்டிய விதை முடிச்சை நேராக இதில் போடாமல், முதலில் 38 டிகிரி நீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால், அது குளிர்ந்த கட்டியாகப் போய் நடுவில் சூடேறாமல் நிற்பது தவிரும். துணி தளர்வாக இருக்கட்டும். இறுக்கிக் கட்டிய முடிச்சின் நடு விதைக்கு 50 போய்ச் சேர நேரமாகும்.

இடையில் தண்ணீர் 48-க்கு இறங்கினால் எவ்வளவு கொதிநீர் சேர்ப்பது? குறைந்த டிகிரியை மொத்த எடையால் பெருக்கி, கொதிநீருக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 2-ஐ 10-ஆல் பெருக்கி 42-ஆல் வகுத்தால் 0.476 கிலோ, அரை லிட்டர் மக்கில் ஒன்று. முடிச்சை வெளியே தூக்கிவிட்டு ஊற்றிக் கலக்கி, தெர்மாமீட்டரை நடுவில் பிடித்து 50 என்று பார்த்த பிறகே முடிச்சு மறுபடி உள்ளே போக வேண்டும். கொதிநீர் முடிச்சின் மேலேயே விழுந்தால் அந்தப் பக்கத்து விதை வெந்துவிடும், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும். அரை மணி முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் முக்கிச் சூட்டை நிறுத்தி, நிழலில் உலர்த்தலாம். பழைய விதைக்கும் சத்தில்லாத விதைக்கும் இது ஒத்துவராது. நூறு விதையை மட்டும் முதலில் நேர்த்தி செய்து முளைக்க வைத்துப் பார்த்த பிறகு மிச்சத்தைத் தொடலாம்.